மூச்சும் மனவடுவும்: உளவளத்துணையில் யோகத்தின் இடம்

இலங்கையின் வடக்கே, வன்னியில் உளநலக் கிளினிக்குக்கு வருகின்ற ஒருவர் தமது துயரத்தைத் துயரம் என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. நெஞ்சு அடைக்கிறது, தலையிடி விடுவதில்லை, உடம்பெல்லாம் எரிகிறது, இரவில் நித்திரை இல்லை, அடிக்கடி பெருமூச்சு வருகிறது என்றே அவர் தொடங்குவார். இரத்தமும் இதயத் துடிப்பும் பரிசோதிக்கப்பட்டு, உடலில் நோய் எதுவும் இல்லை என்று சொல்லப்பட்ட பின்னரும் அந்த நெஞ்சடைப்பு அவரை விட்டுப் போவதில்லை. அது பாவனையும் இல்லை. பேரச்சத்தையும் பேரிழப்பையும் கடந்து வந்த உடல், ஆபத்து நீங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், ஆபத்தின் நடுவில் நிற்பதைப் போலவே இயங்கிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. அந்த ஆறாத காயத்தையே மனவடு என்கிறோம். பேச்சை மட்டுமே கருவியாகக் கொண்ட சிகிச்சை இந்த இடத்தில் தடுமாறுகிறது; ஏனெனில் சொல்வதற்குச் சொற்கள் கிடைக்கும் முன்பே உடல் பதறத் தொடங்கிவிடுகிறது. யோகப் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் உளச்சிகிச்சைக்குள் இடம்பெற்றதற்கு இதுவே முதன்மையான காரணம்.

யோகம் என்றதும் பலருக்கும் ஆசனங்களே நினைவுக்கு வரும். உளச்சிகிச்சையில் பயன்படும் யோகம் அவற்றிலிருந்தே எடுக்கப்பட்டதாயினும் நோக்கத்தில் வேறானது. வழமையான யோக வகுப்பில் ஆசிரியர் ஒரு நிலையைச் செய்து காட்டுவார், மாணவர் அதைச் சரியாகச் செய்ய முயல்வார், பிழை இருந்தால் ஆசிரியர் தொட்டுத் திருத்துவார். சிகிச்சை அறையில் அந்தச் சரி பிழைக்கு இடமில்லை. கையை உயர்த்தும்போது தோளில் என்ன உணரப்படுகிறது, அந்த உணர்வைத் தாங்க முடிகிறதா, இன்னும் சற்று உயர்த்த விருப்பமா, இறக்கிவிட விருப்பமா என்பவையே அங்கே கேட்கப்படுகின்றன. இந்தத் துறையின் சாரம் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது என்பது எனது உறுதியான எண்ணம். தன் உடலுக்கு என்ன நடக்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமையைப் போரிலோ, தடுப்புக்காவலிலோ, வீட்டு வன்முறையிலோ இழந்திருந்த ஒருவர், அந்த உரிமையை ஒரு சிறு அசைவிலிருந்து திரும்பப் பெறத் தொடங்குகிறார்.

மூச்சுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பு அன்று. பதஞ்சலியின் யோக சூத்திரம், மனம் சிதறும்போது கூடவே தோன்றுபவை என்று துன்பத்தையும், மனத்தளர்ச்சியையும், உடல் நடுக்கத்தையும், சீர்குலைந்த மூச்சையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்கிறது. கிளினிக்கில் நாம் இன்று கேட்கும் முறைப்பாடுகளும் ஏறத்தாழ இவையே. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பிராணாயாமத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறது. மேற்கத்திய மருத்துவத்தில், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர்க்காலத்திலேயே மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், செபம் போன்ற மரபு வழியான தளர்வு முறைகளை நோயாளர்களின் சமயத்துக்கு ஏற்றவாறு சிகிச்சையில் சேர்த்துக்கொண்டு, அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஆகவே, வடக்கில் இத்துறை வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களோடு வந்து இறங்கியது என்று நினைப்பது சரியல்ல.

மூச்சு உடலில் செய்வது

நமது உடலில் இதயத் துடிப்பு, குருதி அமுக்கம், சமிபாடு போன்றவற்றை நாம் நினைத்து நடத்துவதில்லை. தன்னியக்க நரம்புத் தொகுதி அவற்றைக் கவனித்துக்கொள்கிறது. அதன் ஒரு பிரிவாகிய பரிவு நரம்புகள் ஆபத்து வேளையில் உடலை ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தப்படுத்துகின்றன: இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு வயிற்றை விட்டு மேல் நெஞ்சுக்கு ஏறிக் குறுகுகிறது. மற்றப் பிரிவாகிய பரபரிவு நரம்புகள், ஆபத்து நீங்கியதும் உடலை ஓய்வுக்குத் திருப்புகின்றன. இந்த இரண்டாவது வேலையில் பெரும் பங்கு வகிப்பது வேகஸ் எனப்படும் பத்தாவது மண்டை நரம்பு. அது மூளைத் தண்டில் தொடங்கிக் கழுத்து வழியாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் குடலுக்கும் செல்கிறது.

இந்தத் தொகுதியின் வேலைகளில் மூச்சு மட்டும் தனித்தன்மை உடையது. நாம் உறங்கும்போதும் அது தானாக நடக்கிறது. விரும்பினால் அதை நாமே மெதுவாக்கவும் நீட்டவும் முடிகிறது. இதயத்தை நோக்கி மெதுவாகத் துடி என்று சொன்னால் அது கேளாது. ஆனால் மூச்சை உள்ளெடுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் செயலால் அது சற்றுத் தணிவதும் இயல்பாகவே நடப்பதால், வெளிமூச்சை நீட்டுகின்ற ஒருவர் தமது இதயத்தை மறைமுகமாக அமைதிப்படுத்துகிறார். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுகிறார். அதை ஏறத்தாழ 6 தடவைக்குக் குறைக்கும்போது, மூச்சின் அலையும் குருதி அமுக்கத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலின் அலையும் ஒன்றோடொன்று பொருந்தி, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் ஒழுங்காக விரிவடைகிறது என்று உடற்றொழிலியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இங்கே பரவலான ஒரு தவறான அறிவுரையைக் குறிப்பிட்டாக வேண்டும். பதற்றத்தில் இருப்பவரைப் பார்த்து, "நல்லா ஆழமா மூச்சை இழுங்கோ" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். ஏற்கெனவே அடிக்கடி பெருமூச்சு விடுகின்ற ஒருவருக்கு இது தீங்கையே செய்யும். தேவைக்கு மேலாக மூச்சை இழுத்து விடும்போது குருதியில் காபனீரொட்சைட்டின் அளவு குறைகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது, விரல்களும் உதடும் விறைக்கின்றன, நெஞ்சு இறுகுவதுபோல் ஆகிறது. அவர் அதை மாரடைப்பு என்று எண்ணி மேலும் பயந்து, மேலும் வேகமாக மூச்சு விடுவார். அவருக்குத் தேவைப்படுவது சிறிய, மெதுவான, வயிற்றுப் பக்கமாக இறங்குகின்ற மூச்சும், அவசரமில்லாத நீண்ட வெளிமூச்சுமே. இந்த ஒன்றை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தாலே, இரவு நேரத்தில் முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்கு ஓடும் பல குடும்பங்களின் பயம் தணியும் என்று நம்புகிறேன். முதன்முறையாக நெஞ்சுவலி வந்தவர் மட்டும் கட்டாயம் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்; இது பதற்றம்தான் என்று வீட்டில் இருந்தபடி முடிவு செய்யக் கூடாது.

மனவடு உடலில் தங்கும் விதம்

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அதன் காயம் ஆறும் முன்பே போர் மீண்டும் மூண்டு, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. மக்கள் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் பதுங்குகுழி வெட்டி, செல் எனப்பட்ட எறிகணைக்கும் கிபிர் போர் விமானத்துக்கும் உடலை ஒடுக்கி மூச்சை அடக்கிப் பழகினார்கள். பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் காத்திருந்தார்கள். தயா சோமசுந்தரம் 2010இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் வன்னியின் அனுபவத்தைக் கூட்டு மனவடு என்றே விவரித்தார். தனி மனிதரின் மனம் மட்டும் அல்லாமல், குடும்பம், அயல், ஊர், நம்பிக்கை ஆகிய எல்லாமே சேர்ந்து காயப்பட்டன என்பது அதன் பொருள்.

இவ்வாறான அனுபவத்துக்குப் பிறகு உடல் இரண்டு விதமாக நிலைகுலைகிறது. சிலரிடம் எச்சரிக்கை நிலை அணையாமலே இருக்கும்: கோயில் திருவிழாவில் வெடிக்கும் பட்டாசுக்கு உடல் நிலத்தில் விழுந்துவிடும், நித்திரையில் கை கால் உதறும், சிறு சொல்லுக்கும் கோபம் பொங்கும். வேறு சிலரிடம் இதற்கு நேர்மாறாக எல்லாமே மரத்துப் போகும்: பிள்ளை அழுதாலும் உணர்வு எழாது, உடல் தன்னுடையது அல்ல என்பதுபோல் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, உணர்ச்சியை உணர்ந்துகொண்டே சிந்திக்கவும் பேசவும் இயலும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்க உளமருத்துவர் டானியல் சீகல் அதைத் தாங்குதிறனின் சாளரம் என்று விவரித்தார். மூச்சுப் பயிற்சியின் வேலை, அந்த எல்லைக்குள் திரும்பி வரும் வழியை உடலுக்குக் கற்றுக்கொடுப்பது. மரத்துப் போயிருப்பவருக்கு மேலும் அமைதி தேவையில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அவருக்கு எழுந்து நிற்பது, கைகளை வீசுவது, கால்களை நிலத்தில் ஊன்றி அழுத்துவது போன்ற உயிர்ப்பூட்டும் அசைவுகளே பொருந்தும்.

ஓர் அமர்வு

பலருடைய அனுபவத்திலும் பொதுவாக உள்ளவற்றைக் கொண்டு, புதுக்குடியிருப்புப் பக்கத்தில் வாழும் ஒரு தாயைக் கற்பனை செய்துகொள்வோம். உளவளத்துணையாளர் முதலில் அவரைக் கதவு தெரியும்படியான கதிரையில் அமரச் சொல்கிறார். வெளியேறும் வழி கண்ணில் படுவதே உடலுக்கு ஒரு பாதுகாப்பு. "அம்மா, கண்ணை மூடவேணும் எண்டு இல்லை. திறந்தபடியே இருங்கோ. ஏலாட்டி எந்த இடத்திலயும் நிப்பாட்டலாம், எனக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை" என்கிறார். இந்த முன்னுரை வெறும் மரியாதைச் சொல் அன்று, சிகிச்சையின் முதற் பகுதியே அது.

பிறகு பாதங்கள் நிலத்தில் படுவதை உணர்வது, யன்னலுக்கு வெளியே தெரியும் வேப்பமரத்தையோ சைக்கிளையோ பெயர் சொல்லிப் பார்ப்பது போன்றவற்றால் மனம் இன்றைய நாளுக்கும் இந்த அறைக்கும் கொண்டுவரப்படுகிறது. அதன் பின்னரே மூச்சு. முதல் நாளில் அதை மாற்ற முயலாமல், அது எங்கே அசைகிறது என்று கவனித்தால் போதும். மூச்சைக் கவனிப்பதே சிலருக்கு அச்சத்தைக் கிளப்பும். பதுங்குகுழிக்குள் மூச்சுத் திணறியவருக்கு அது வியப்பன்று. அவ்வாறாயின் கவனத்தை உள்ளங்கைக்கோ பாதத்துக்கோ மாற்றிவிட வேண்டும். தாங்க முடிகின்றவர்களுக்கு, நான்கு எண்ணும் அளவுக்கு மூக்கால் உள்ளெடுத்து, ஆறு எண்ணும் அளவுக்கு மெல்ல வெளிவிடும் பயிற்சி கற்றுத்தரப்படுகிறது. செக்கனுக்கு ஓர் எண் வீதம் எண்ணினால் ஒரு மூச்சுக்குப் பத்துச் செக்கன்கள், நிமிடத்துக்கு 6 மூச்சுகள் ஆகின்றன. எண்ணிக்கை நெருக்கடியாகத் தோன்றினால், வண்டு ரீங்காரமிடுவதுபோல் வாயை மூடி மெல்ல முனகும் பிராமரி பொருந்தும். முனகும்போது வெளிமூச்சு தானாகவே நீள்கிறது. உள்மூச்சோடு கைகளை உயர்த்தி வெளிமூச்சோடு இறக்குவது, கதிரையில் இருந்தபடியே முதுகை வளைத்து நிமிர்வது ஆகியவை இதோடு சேர்க்கப்படும். காலை இழந்தவர்களும், உடலில் இன்னும் செல் துண்டுகளோடு வாழ்கின்றவர்களும் வன்னியில் பலர் இருப்பதால், நிலத்தில் பாய் விரித்துச் செய்யும் ஆசனங்களைவிடக் கதிரையில் இருந்து செய்யும் அசைவுகளே இங்கு பெரும்பாலும் பயன்படும்.

இவையெல்லாம் சிகிச்சையின் முழுமை அல்ல. ஜூடித் ஹேர்மன் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1992இல் மனவடுச் சிகிச்சையை மூன்று கட்டங்களாக வகுத்தார்: பாதுகாப்பை நிலைநிறுத்துதல், நடந்ததை நினைவுகூர்ந்து துயர்கொள்ளுதல், வாழ்வோடு மீண்டும் இணைதல். மூச்சும் அசைவும் முதற் கட்டத்தின் கருவிகள். இரண்டாம் கட்டத்தில் அவை துணைக்கு நிற்கும். அந்தத் தாய், சில வாரங்கள் கழித்து, தமது மகனைக் கடைசியாகக் கண்ட இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, உளவளத்துணையாளர் முழுக் கதையையும் ஒரே அமர்வில் கேட்டுவிட முயலமாட்டார். குளத்து நீரைத் துருசு வழியாக அளவோடு திறந்துவிடுவதுபோல், சிறிது பேசி, உடல் பதறத் தொடங்கியதும் நிறுத்தி, பாதங்களுக்கும் மூச்சுக்கும் திரும்பி, பதற்றம் தணிந்த பிறகு மீண்டும் சிறிது பேசுவார்கள். தானே பதறி, தானே தணிந்து வர முடிகிறது என்பதை உடல் பலமுறை கண்டுகொள்ளும்போது, நினைவின் மீதான பயம் குறைகிறது. கண்ணீர் வந்தால் வரட்டும் என்று விட வேண்டும். அழுகை தொடங்கிய உடனே மூச்சுப் பயிற்சிக்கு ஓடினால், மூச்சு உணர்ச்சியை அமுக்கும் மூடியாகிவிடும். துயரம் வெளியே வரும் வழியையே அது அடைத்துவிடும். எப்போது நிறுத்துவது, எப்போது அழவிடுவது என்ற இந்தப் பகுத்தறிவைக் காணொளி பார்த்துக் கற்க முடியாது. பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்தே அது கைவரும்.

ஆய்வுகள் சொல்வது

இத்துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வை பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் அமெரிக்காவில் வெளியிட்டனர். நெடுங்காலமாகச் சிகிச்சைக்கு மசியாத மனவடு நோயுள்ள 64 பெண்கள் அதில் பங்குபற்றினர். பத்து வாரங்கள், வாரத்துக்கு ஒரு மணிநேரம் மனவடுவுக்கேற்ற யோகத்தில் ஈடுபட்டவர்களில் 52 சதவீதமானோர் ஆய்வு முடிவில் நோயின் வரையறைக்குள் வரவில்லை. பெண்களின் உடல்நலம் பற்றிய கல்வி வகுப்பில் இருந்தவர்களில் அது 21 சதவீதமாக இருந்தது. மறுபுறம், பொதுவான பதகளிப்பு, அதாவது ஓயாத பதற்ற நோயுள்ள 226 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குண்டலினி யோகத்தால் 54 சதவீதமானோரும், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளச்சிகிச்சையான சிந்தனை நடத்தைச் சிகிச்சையால் 71 சதவீதமானோரும், மனநெருக்கடி பற்றிய கல்வியால் 33 சதவீதமானோரும் முன்னேற்றம் கண்டனர். யோகம் உதவுகிறது, ஆனால் நிறுவப்பட்ட உளச்சிகிச்சையின் இடத்தை அது பிடிக்கவில்லை என்பதை இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது உணரலாம்.

நமக்கு மிக நெருக்கமான ஆய்வு, ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில் நடந்தது. போரையும் அலையையும் கண்ட 31 பிள்ளைகளுக்கு, பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளர்கள் ஆறு அமர்வுகளை நடத்தினர். ஒரு பகுதிப் பிள்ளைகள் தமது வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லிப் பதிவு செய்தனர். மற்றப் பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தனர். ஆறு மாதங்களின் பின்னர் முதற் குழுவில் 81 சதவீதமானோரும், இரண்டாம் குழுவில் 71 சதவீதமானோரும் மீண்டிருந்தனர் என்று 2009இல் வெளியான அறிக்கை கூறுகிறது. பிள்ளைகளின் தொகை சிறியது, சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவும் இருக்கவில்லை. ஆதலால் இதிலிருந்து பெரிய முடிவுகளை எடுக்க முடியாது. ஆயினும், நமது பிள்ளைகளுக்கு நமது மொழியில், நமது ஊரவர்களே இதைச் செய்ய முடிந்தது என்பது எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது.

சமயம் குறித்து

யோகம் இந்து சமயத்துக்கு உரியது என்ற எண்ணம் வன்னியில் வலுவாக உண்டு. கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்களும், முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களும் அதைத் தயக்கத்தோடு பார்ப்பது நியாயமானது. அந்தத் தயக்கத்தை வாதம் செய்து வெல்ல முயல்வது சிகிச்சையைக் கெடுக்கும். அதற்குத் தேவையும் இல்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை சொல்லச் செய்தும், யோக மந்திரம் ஒன்றை ஓதச் செய்தும் அளந்து பார்த்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 தடவையாகக் குறைந்து, இதயத்தின் இயக்கமும் அதனோடு ஒத்திசைந்தது. மடுமாதாவின் முன்னால் ஒருவர் முற்பகுதியைச் சொல்ல மற்றவர்கள் பிற்பகுதியைச் சொல்லும் செபத்துக்கும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் நீட்டிப் பாடும் பாடலுக்கும், முஸ்லிம்கள் ஓதும் திக்ருக்கும் பொதுவானது, ஒழுங்கான தாளத்தில் நீண்டுவரும் வெளிமூச்சு. ஆகவே, "நீங்கள் வழமையா எப்பிடிச் செபிப்பியள்?" என்று கேட்டு, அந்தச் செபத்தையே பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். நம்பிக்கை இல்லாதவருக்கு வெறும் எண்ணிக்கை போதும்.

யாருக்கு, எப்போது வேண்டாம்

மூச்சுப் பயிற்சி எல்லோருக்கும் தீங்கற்றது என்ற நினைப்பு ஆபத்தானது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுகளும், மூச்சை நெடுநேரம் அடக்கும் கும்பகமும் மனவடு உள்ளவர்களுக்குத் தொடக்கத்தில் கொடுக்கத் தகாதவை. கர்ப்பிணிகள், வலிப்பு, இதய நோய், உயர் குருதி அமுக்கம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் அவற்றைச் செய்யக் கூடாது. குரல் கேட்பது, வீண் சந்தேகம், அளவுகடந்த உற்சாகம் போன்ற கடுமையான உளநோய் அறிகுறிகள் உள்ளவர்களை நீண்ட தியானத்தில் இருத்துவது நோயைக் கூட்டக்கூடும். அவர்களுக்கு முதலில் தேவை உளமருத்துவர். ஆசுத்துமா உள்ளவர் தமது மருந்தை நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சியை நம்பக் கூடாது. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவருக்கும் இதுவே பொருந்தும்.

சாந்தி ஆசனத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக் கிடப்பது களைத்தவருக்கு இனிய ஓய்வு. சித்திரவதைக்கோ பாலியல் வன்முறைக்கோ உள்ளான ஒருவருக்கு அதே நிலை, நடந்ததை அப்படியே உடலில் எழுப்பிவிடக்கூடும். பயிற்சி தருபவர் பின்னால் நடந்து திரிவதும், கேளாமல் தொட்டுத் திருத்துவதும், கதவைப் பூட்டுவதும், விளக்கை அணைப்பதும் இத்தகையவே. குழுவாகப் பயிற்சி செய்யும் மண்டபத்தில் யாருக்கு என்ன நடந்தது என்பது தெரியாது. ஆகவே எல்லோருக்கும் இருந்தோ, படுத்தோ, சாய்ந்தோ இருக்கும் தெரிவைக் கொடுத்துவிடுவதே முறை.

இனி, இந்தப் பயிற்சிகளின் எல்லை பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தார்கள். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாமல் வாழ்வதை, போலின் பொஸ் என்ற அறிஞர் தெளிவற்ற இழப்பு என்று வகைப்படுத்தி, அந்தக் குழப்பத்துக்குக் காரணம் அவர்களுடைய மனத்தில் அல்ல, அவர்கள் சிக்கியிருக்கும் சூழ்நிலையில் இருக்கிறது என்று விளக்கினார். அப்படிப்பட்ட ஒரு தாயின் காத்திருப்பை நோய் என்று பெயரிட்டு, மூச்சுப் பயிற்சியால் தணித்து அனுப்புவது அநீதி. அவர் கேட்பது விடை. விடை தர வேண்டியவர்கள் வேறு. உளவளத்துணையாளர் செய்யக்கூடியது, அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே அவர் இரவில் சில மணிநேரம் உறங்கவும், மற்றப் பிள்ளைகளோடு இருந்து சாப்பிடவும், தமது குருதி அமுக்கத்தைக் கவனிக்கவும் உடலுக்குத் துணை செய்வதுதான். போராடுகின்றவர்களுக்கும் மூச்சு வேண்டும்; போராட்டத்தைக் கைவிடச் செய்வதற்காக அந்த மூச்சு கொடுக்கப்படக் கூடாது. வறுமை, காணிப் பிணக்கு, கடன் தவணை, குடிபோதையில் அடிக்கும் கணவன் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். அடிவாங்கும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம். மூச்சுப் பயிற்சி அதற்குப் பின்.

உதவி பெற விரும்புகின்றவர்கள், மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவையோ, பிரதேச செயலகத்திலுள்ள உளவளத்துணை உத்தியோகத்தரையோ நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகின்றவர்கள் பயிற்சி எதையும் செய்து பார்த்துக்கொண்டிராமல் உடனே அழைக்க வேண்டும், அல்லது அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். யோகமும் மூச்சும் சேர்ந்த சிகிச்சையைத் தருவதாகச் சொல்லும் ஒருவரிடம் போவதற்கு முன்னர், உளவளத்துணையில் என்ன பயிற்சி பெற்றிருக்கிறார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார், பயிற்சியின் நடுவே நிறுத்த விரும்பினால் என்ன செய்வார் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. சில கிழமைகளில் எல்லாம் மாறிவிடும் என்று உறுதி தருபவரையும், மருந்தை நிறுத்தச் சொல்பவரையும், நடந்ததை எல்லார் முன்னிலையிலும் சொல்லும்படி வற்புறுத்துபவரையும் விட்டு விலகி, வேறொருவரைத் தேடுவதே நல்லது.